பத்தரை சென்டிமீட்டர் பெண்

ஆறாம் வகுப்புப் பிள்ளையின் ஜியாமெட்ரி பாக்ஸில் கிடக்கும் ஸ்கேலின் நீளம் 15 சென்டிமீட்டர். மொகஞ்சதாரோவில் 1926-இல் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்த 'நடன மங்கை' அதைவிடக் குட்டை. வெறும் 10.5 சென்டிமீட்டர். பாடப்புத்தகத்தில் அவள் இடுப்பில் கைவைத்து நிற்கும் படத்தைப் பார்த்தே பழகிய பிள்ளைகள், தில்லி ஜன்பத் சாலையிலுள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் ஆள் உயரச் சிலை ஒன்றைத் தேடுகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைக் காட்டினால், "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிடுகிறார்கள்.

அந்தக் கேள்வியை ஏமாற்றம் என்று எடுத்துக்கொண்டு, "சரி சரி, நகருங்க" என்று வரிசையைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் அன்றைய பாடம் தொடங்குவதே அந்த இடத்தில்தான். உள்ளங்கைக்குள் அடங்குகிற உருவத்தில் அத்தனை வளையல்களும், அலட்சியமாகச் சாய்ந்த தலையும் எப்படி வந்தன? இவ்வளவு சிறிதாக எதற்குச் செய்தார்கள்? ஆடுகிறாளா, சும்மா நிற்கிறாளா? பெரியவர்களிடமும் முழு விடை இல்லாத கேள்விகள் இவை. பதினொன்று, பன்னிரண்டு வயதுக்கு அதைவிட ருசியான தீனி கிடையாது.

பள்ளிகள் போடும் திட்டமோ பெரும்பாலும் வேறு மாதிரி இருக்கிறது. காலை எட்டு மணிக்குப் பஸ். பத்து மணிக்கு தேசிய அருங்காட்சியகம், பன்னிரண்டுக்கு இந்தியா கேட், அங்கேயே சாப்பாடு, இரண்டு மணிக்குச் சாணக்கியபுரியில் ரயில் அருங்காட்சியகம், அப்படியே "போகிற வழிதானே" என்று தாமரைக் கோயில். தாமரைக் கோயில் கால்காஜியில் இருக்கிறது. மேலே சொன்ன எதற்கும் அது போகிற வழியில் இல்லை. ஆனாலும் பஸ் வாடகை கொடுத்தாயிற்று, இன்னும் ஓரிடம் பார்த்துவிட்டால் என்ன என்கிற நடுத்தரவர்க்கக் கணக்கு. சாயங்காலம் வீடு திரும்பிய பிள்ளையிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டால், கடைசி சீட்டில் பாடிய அந்தாக்ஷரியைச் சொல்கிறது. (அந்தாக்ஷரியைக் குறை சொல்வதற்கில்லை. அது பிள்ளைகளின் பிறப்புரிமை.)

தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளன. காட்சிக்கு இருப்பது அதில் ஒரு பகுதிதான் என்றாலும், அதையே ஒழுங்காகப் பார்க்க ஒரு வாரம் போதாது. நாற்பது பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து இறங்கி, பாதுகாப்புச் சோதனை முடித்து, பைகளை ஒப்படைத்து, பாத்ரூம் போய் வருவதற்குள் அரை மணி நேரம் கரைந்துவிடும். பசி தலைகாட்டுவதற்கு முன் கையில் மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம். இதற்குள் ஹரப்பாவில் தொடங்கி மௌரியர், குப்தர், சோழர், முகலாயர் என்று எல்லோரையும் பார்ப்பது ரயில் ஜன்னல் வழியாக ஊர் பார்ப்பது போலத்தான். எதைக் காட்டலாம் என்று யோசிப்பதைவிட, எதையெல்லாம் விட்டுவிடலாம் என்று யோசிக்கிற ஆசிரியரே நல்ல திட்டம் போடுவார்.

இது வெறும் அபிப்பிராயமில்லை. அமெரிக்காவில் அர்க்கன்சா மாநிலத்தின் பென்டன்வில் என்னும் சிற்றூரில், 2011-இல் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் என்ற கலை அருங்காட்சியகம் திறந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசச் சுற்றுலா என்று அறிவித்ததும் விண்ணப்பங்கள் குவிந்தன, எல்லோருக்கும் இடமில்லை. அர்க்கன்சா பல்கலைக்கழகத்தின் ஜே கிரீன் குழுவினருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமையுமா? யார் முதலில் போவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து, போன பள்ளிகளையும் இன்னும் போகாத பள்ளிகளையும் ஒப்பிட்டார்கள். 123 பள்ளிகள், ஏறக்குறைய 11,000 மாணவர்கள். பிள்ளைகள் அங்கே சுற்றியது சுமார் ஒரு மணி நேரம். நின்று பேசியது ஐந்து ஓவியங்களைப் பற்றி மட்டும்.

அதில் ஒன்று, காட்டில் மேப்பிள் பாகு காய்ச்சுகிறவர்களைக் காட்டும் ஈஸ்ட்மன் ஜான்சனின் ஓவியம். கரும்புச் சர்க்கரை அடிமைகளின் உழைப்பில் வந்தது. அதை முடக்க, அடிமை முறையை எதிர்த்தவர்கள் மேப்பிள் பாகுக்கு மாறினார்கள் என்பது அந்த ஓவியத்தின் பின்கதை. சில வாரங்கள் கழித்துக் கேட்டபோதும் 88 சதவீதப் பிள்ளைகள் அந்தச் சங்கதியை நினைவில் வைத்திருந்தார்கள். தேர்வு வரும் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. கிராமப்புறத்திலிருந்தும் ஏழ்மை மிகுந்த பள்ளிகளிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்கு இந்தச் சுற்றுலாவால் கிடைத்த பலன் மற்றவர்களைவிட அதிகம் என்றும் 2013-இல் வெளிவந்த அந்த ஆய்வு சொன்னது.

சரி, ஜன்பத்துக்கு வருவோம். நாற்பது பிள்ளைகள், பத்துப் பேராக நான்கு குழு, குழுவுக்கு ஒரு பெரியவர். நின்று பார்க்க நான்கே பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம். 10.5 சென்டிமீட்டர் உருவத்தை நாற்பது தலைகள் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது என்பது சின்ன விஷயம்தான். ஆனால் அதை மறந்ததால் பாழான சுற்றுலாக்கள் ஏராளம்.

முதல் நிறுத்தம் நடன மங்கை. பிள்ளைகளுக்கு ஒரே வேலை: வளையல்களை எண்ணுவது. வலக்கையில் நான்கு என்று எண்ணிவிடலாம். இடக்கையில் தோள்வரை அடுக்கியிருப்பவை எத்தனை? புத்தகங்களே 24 என்றும் 25 என்றும் மாற்றி மாற்றிச் சொல்கின்றன. அச்சடித்த புத்தகத்துக்கும் தன் கண்ணுக்கும் நடுவே தகராறு வரலாம் என்று ஒரு பிள்ளை தெரிந்துகொள்ள, இதைவிட மலிவான வழி கிடையாது.

அதே ஹரப்பா கூடத்தில்தான் இரண்டாவது நிறுத்தம். ஹரியானாவின் ராக்கிகடியில் கிடைத்த, நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பெண்ணின் எலும்புக்கூடு. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. அவர்களே அங்கே மொய்ப்பார்கள். பெட்டிக்கு முன்னால் சிரிப்பும் பயமும் கலந்த ஒரு சலசலப்பு எழும். உடனே "ஃபிங்கர் ஆன் லிப்ஸ்" என்று அதட்டுவது வட இந்தியப் பள்ளிகளின் வழக்கம். உதட்டில் விரல் வைத்த பிள்ளை கேள்வி எப்படிக் கேட்கும்? அதட்டலை விட்டுவிட்டு, இவர் உயிரோடு இருந்தபோது காலையில் என்ன சாப்பிட்டிருப்பார், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு கேள்வியைப் போட்டால் சலசலப்பு தானாகத் திசைமாறும். பல் என்று ஒரு பிள்ளை சொல்லும். பானையின் அடியில் ஒட்டியது என்று இன்னொன்று சொல்லும். இரண்டுமே தொல்லியலாளர்கள் நிஜமாகவே கையாளும் வழிகள்தான்.

மூன்றாவது, ஒரு பாதிக் கழுத்தணி. 1947-இல் நாடு பிரிந்தபோது மேசை நாற்காலிகள் முதல் நூலகப் புத்தகங்கள் வரை பங்கு போட்டார்கள். மொகஞ்சதாரோ பொருள்களும் பங்கு பிரிந்தன. 'பூசாரி அரசன்' என்று பெயர்பெற்ற சிலை பாகிஸ்தானுக்குப் போயிற்று. நடன மங்கை இங்கே தங்கினாள். ஒரே கழுத்தணியை எந்தப் பக்கம் கொடுப்பது என்ற சிக்கல் வந்தபோது, மணிகளைப் பிரித்துப் பாதி அங்கே, பாதி இங்கே என்று தீர்ப்பாயிற்று. அண்ணன் தம்பி சொத்துத் தகராறுகளைக் கேட்டு வளர்கிற நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். நடன மங்கையைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று 2016-இல் லாகூர் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞர் மனுப் போட்டதையும் சொல்லிவிட்டு, பத்துப் பேரை ஐந்து ஐந்தாகப் பிரித்து வாதாடவிடலாம். தீர்ப்பு வர வேண்டிய அவசியமில்லை.

நான்காவது, சோழர் வெண்கலம். தமிழ்ப் பிள்ளைகள் இருக்கும் குழுவென்றால் இங்கே நேரம் போதாமல் போகும். தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகள் இந்த நகரத்தில் இருக்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளைகளில் பலர் ராமகிருஷ்ணபுரம் மலை மந்திருக்குப் போனவர்களாக இருப்பார்கள். கோயிலில் உற்சவர் பட்டும் மாலையுமாக இருப்பார், முகம் மட்டும்தான் தெரியும். அருங்காட்சியகத்தில் அலங்காரம் இல்லை. ஆகவே கோயிலில் தெரியாத ஒன்று இங்கே தெரியும்: பீடத்தில் இருக்கும் துளைகளும் வளையங்களும். அவை எதற்கு என்று கேட்டால், திருவிழாவில் சாமி தூக்குவதைப் பார்த்த பிள்ளை சட்டென்று சொல்லிவிடும். தண்டு கோத்துத் தோளில் சுமக்க. பார்க்காத பஞ்சாபிப் பிள்ளைக்கு அந்தத் தமிழ்ப் பிள்ளையே விளக்கட்டும். லேபிளில் அது எழுதியிருக்காது.

லேபிள் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். பள்ளிகள் கொடுக்கும் ஒர்க்ஷீட்டைக் கையில் வாங்கிய பிள்ளை பொருளைப் பார்ப்பதில்லை. நேரே லேபிளுக்குப் போய், காலம், இடம், உலோகம் என்று காப்பியடித்துவிட்டு அடுத்த பெட்டிக்கு ஓடுகிறது. கோடிட்ட இடம் நிரம்புகிறது; கண் நிரம்புவதில்லை. பென்சிலும் வெள்ளைத் தாளும் கொடுத்து, ஒன்றே ஒன்றை வரையச் சொன்னால் போதும். வரைவதற்காகவாவது பார்த்தாக வேண்டுமே. படம் நன்றாக வந்ததா இல்லையா என்று மதிப்பெண் போடாமல் இருப்பது ஆசிரியரின் பொறுப்பு.

நடன மங்கைக்கும் சோழர் நடராசருக்கும் நடுவே மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. இரண்டையும் வார்த்த முறை ஒன்றுதான். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் களிமண் பூசி, சுட்டு, உருகிய மெழுகு வெளியேறிய வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுவது. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் இப்படித்தான் வார்க்கிறார்கள். அவர்களுடைய வேலையைப் பார்க்கக் கும்பகோணம் வரை போக வேண்டியதில்லை. 2023-இல் ஜி-20 மாநாட்டுக்காக பிரகதி மைதானின் பாரத் மண்டபத்துக்கு முன்னால் நிறுத்திய 27 அடி நடராசர் அவர்கள் கைவண்ணம்தான். எடை சுமார் 18 டன். பத்தரை சென்டிமீட்டரும் இருபத்தேழு அடியும் ஒரே நகரத்தில், சில கிலோமீட்டர் இடைவெளியில். கூடவே ஒரு கொசுறு: மலை மந்திரின் முழுப்பெயர் உத்தர சுவாமிமலை.

இந்த வார்ப்பு விஷயத்தைச் சுற்றுலாவுக்கு முந்தின வாரமே வகுப்பில் செய்து பார்த்துவிட வேண்டும். உலோகம் உருக்க வேண்டாம், ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் களிமண்ணும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் போதும். ஒரு சாவியைக் களிமண்ணில் அழுத்தி எடுத்து, பள்ளத்தில் கரைசலை ஊற்றினால் அச்சு என்றால் என்ன என்பது புரிந்துவிடும். முன் தயாரிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. பழக்கமில்லாத புது இடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோனால், அவர்கள் கவனம் முழுவதும் இடத்தைப் பழகுவதிலேயே செலவாகிறது என்று ஜான் ஃபால்க் முதலான அமெரிக்க ஆய்வாளர்கள் 1970-களிலேயே எழுதியிருக்கிறார்கள். பாத்ரூம் எங்கே, எப்போது சாப்பாடு, தொலைந்துபோனால் யாரிடம் போவது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் மனசு காலியாகும். சிலைக்கு இடம் கிடைக்கும்.

அந்தக் கட்டடத்தைப் பற்றியும் இரண்டு வரி சொல்லலாம். 1947-48 குளிர்காலத்தில் லண்டன் ராயல் அகாடமியில் நடந்த இந்தியக் கலைக் கண்காட்சிக்குப் போன பொருள்கள் திரும்பி வந்தபோது, அவற்றை அந்தந்த ஊருக்குப் பிரித்து அனுப்ப மனமில்லாமல் இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகையிலேயே காட்சிக்கு வைத்தார்கள். 1949 ஆகஸ்ட் 15 அன்று அதைத் தேசிய அருங்காட்சியகமாகத் திறந்துவைத்தவர் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. ஜன்பத் கட்டடம் 1960-இல் வந்தது. திறந்தவர் எஸ். ராதாகிருஷ்ணன். இரண்டு தமிழறிந்தவர்கள் கை பட்ட இடம் என்று தில்லித் தமிழர்கள் பெருமைப்பட்டுக்கொள்வதில் தப்பில்லை.

அடுத்தது தேதி. தில்லியில் இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி. ஏப்ரலில் பள்ளி திறந்த சூட்டோடு வெயில். மே 18 சர்வதேச அருங்காட்சியக நாள். அன்றைக்குத் தில்லிப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் இருப்பார்கள். ஜூலை, ஆகஸ்டில் மழை வந்தால் மின்டோ பாலத்தடியில் தண்ணீர். அக்டோபர் பரவாயில்லை என்றால் தசராவும் தீபாவளியும் குறுக்கே நிற்கும். நவம்பரில் புகை: 2024 நவம்பரில் காற்றின் தரம் மோசமாகி வகுப்புகளே ஆன்லைனுக்குப் போயின. டிசம்பரில் பனிமூட்டம். ஜனவரியில் குடியரசு தின ஒத்திகைக்காகக் கர்த்தவ்ய பாதையைச் சுற்றி சாலைகளை அடைப்பார்கள்; அருங்காட்சியகம் இருப்பதோ அந்தப் பாதையை ஒட்டி. மிஞ்சுவது பிப்ரவரி. பிப்ரவரியில் தேர்வு நெருங்கிவிட்டது என்று பள்ளி முதல்வர் கையெழுத்துப் போட மாட்டார். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ வானிலையைப் பார்த்து ஒரு வெள்ளிக்கிழமை கிளம்புவதே உத்தமம். திங்கட்கிழமை மட்டும் வேண்டவே வேண்டாம். தேசிய அருங்காட்சியகமும் ரயில் அருங்காட்சியகமும் அன்று விடுமுறை.

முதல்வரிடம் பேச ஒரு பிடி இருக்கிறது. தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை பத்து நாட்கள் புத்தகப் பையில்லாமல் வெளியுலகில் கற்க வேண்டும் என்கிறது. அதற்கான வழிகாட்டுதலை மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜூலையில் வெளியிட்டது. "பையில்லா நாள்" என்று தலைப்பிட்டுக் கடிதம் கொடுத்தால் கோப்பு கொஞ்சம் வேகமாக நகரும்.

பஸ் விஷயத்தில் சிக்கனம் கூடாது. 1997 நவம்பரில் வஜீராபாத் பாலத்திலிருந்து ஒரு பள்ளிப் பேருந்து யமுனையில் விழுந்து 28 பிள்ளைகள் இறந்தார்கள். அதன் பிறகு உச்ச நீதிமன்றம் பள்ளிப் பேருந்துகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் மணிக்கு 40 கிலோமீட்டர் உச்சவரம்பும் கட்டாயம் என்றது. ஒரு சீட்டில் மூன்று பேர் என்று நெருக்கி உட்காரவைத்து மிச்சம் பிடிக்கும் டிராவல்ஸ்காரரிடம் இதை நினைவூட்டத் தயங்க வேண்டாம். மத்தியச் செயலகம் மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான் என்பதால், எட்டாம் வகுப்புக்கு மெட்ரோவே நல்ல யோசனை.

சாப்பாட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எலுமிச்சை சாதமோ ஆலு பராட்டாவோ, கெட்டுப்போகாததாக இருந்தால் சரி. பன்னிரண்டரைக்குள் கொடுத்துவிட வேண்டும்.

இவ்வளவும் படித்துவிட்டு, எங்கள் வகுப்புக்கு வரலாறே ஆகாது என்று சொல்லும் ஆசிரியருக்குச் சாணக்கியபுரி இருக்கிறது. 1977-இல் திறந்த தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் பிள்ளைகள் குட்டி ரயிலுக்கு வரிசையில் நிற்பார்கள். அதற்கு முன் பாட்டியாலா மோனோரயிலின் முன்னால் பதினைந்து நிமிடம் நிறுத்திவிட வேண்டும். 1907-இல் ஓடத் தொடங்கிய வண்டி. பாரத்தின் பெரும்பகுதி ஒற்றைத் தண்டவாளத்தின் மேல், பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் மட்டும் சாதாரண ரோட்டில் உருளும். கவிழாமல் எப்படி நின்றது என்பது ஏழாம் வகுப்பு இயற்பியல். 1894-இல் ரயிலோடு மோதிய யானை ஒன்றின் மண்டை ஓடும் அங்கே உண்டு. காடும் ரயிலும் மோதிக்கொள்வது நேற்று தொடங்கிய கதையில்லை என்று, யானைகள் ரயிலில் அடிபடும் வாளையாறு வரை பேச்சு போகும்.

பிள்ளைகளிடம் ஓட்டெடுத்தால் ஜெயிப்பது என்னவோ பாலம்–டாப்ரி சாலையில் 1992 முதல் இயங்கும் சுலப் கழிப்பறை அருங்காட்சியகம்தான். சிரித்து முடித்த பிறகு கையால் மலம் அள்ளும் கொடுமையைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேச அதைப்போல் இன்னோர் இடம் இல்லை. அதை உருவாக்கியவர் சுலப் இயக்கத்தின் நிறுவனர் பிந்தேஷ்வர் பாட்டக்.

அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு ஒரு செய்தி. பாரகம்பா சாலையில் ஃபிக்கி கட்டடத்தில் 1978 முதல் இருந்த தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தில்லிப் பிள்ளைகள் பல தலைமுறையாகப் போன இடம். 2016 ஏப்ரல் 26 அதிகாலையில் தீப்பிடித்து, பாடம் செய்த விலங்குகளும் புதைபடிவங்களும் ஒரே இரவில் போயின. தேசிய அருங்காட்சியகத்தையும் நார்த் பிளாக், சவுத் பிளாக் கட்டடங்களில் 'யுகே யுகீன் பாரத்' என்ற பெயரில் அமையவிருக்கும் புதிய அருங்காட்சியகத்துக்கு மாற்றும் திட்டம் இருக்கிறது. ஆகவே கிளம்புவதற்கு முன் போன் செய்து, எந்தெந்தக் கூடம் திறந்திருக்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது. கேட்கும்போதே 'அனுபவ்' பற்றியும் விசாரிக்கலாம். பார்வையற்றவர்களுக்காக 2015-இல் தொடங்கிய கூடம் அது. அருங்காட்சியகப் பொருள்களின் 22 மாதிரிகளைத் தொட்டுப் பார்க்கலாம். "தொடாதே" என்ற சொல்லைக் காலையிலிருந்து கேட்டுச் சலித்த கைகளுக்கு அது பெரிய விடுதலை.

பெற்றோருக்கு அனுப்பும் சுற்றறிக்கையில் வழக்கமான பட்டியல் இருக்கும்: அடையாள அட்டை, தண்ணீர் பாட்டில், டிஃபன், தொப்பி. அதோடு 15 சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்று என்றும் சேர்த்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக்கில். இரும்பு ஸ்கேலைப் பாதுகாப்புச் சோதனையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.